கழுவியாச்சா?

வேலை முடிந்ததும் எல்லாரும் டப்பாவில் ஒட்டியிருக்கும் பெயிண்டைக் குச்சியால் வழித்துப் போட்டு, டர்பன்டைனை ஊற்றி ஓர் ஆட்டு ஆட்டிக் கவிழ்த்துவிடுவார்கள். புதுசு மட்டும் அப்படிச் செய்யமாட்டார். கொஞ்சமாக ஊற்றுவார். டப்பாவைச் சாய்த்து, உள்விளிம்பெல்லாம் நனையும்படி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவார். கொட்டுவார். மறுபடி கொஞ்சம் ஊற்றி மறுபடி ஒரு சுற்று. பிறகு மூன்றாக மடித்த துணியை உள்ளே விட்டுத் துடைத்து, அதே துணியை டப்பாவின் வாய்மேல் விரித்துப் போடுவார். போட்டதோடு விடமாட்டார், நாலு ஓரத்தையும் இழுத்துச் சரிபண்ணுவார்.

"டேய் புதுசு! அது பெயிண்ட் டப்பாடா! உங்க வீட்டு வெள்ளிச் செம்பா என்ன?" என்று மேஸ்திரியம்மா கத்துவாள்.

இன்னொரு ஆளான நெட்டை சிரிப்பான். புதுசும் சிரித்துக்கொண்டே துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். மேஸ்திரியம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வராது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று தெருவை எட்டிப்பார்ப்பாள்.

புதுசு என்பது பெயரல்ல. வேலைக்குச் சேர்ந்த அன்று "யாரு, புதுசா?" என்று நெட்டை கேட்டான். அதுவே ஒட்டிக்கொண்டது. சேர்ந்து இரண்டு வருடம் ஆகியும் அவர் புதுசுதான். ஏணி தூக்குகிற கையாளுக்கு 'அவர்' என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது. புதுசு ஒரு மாதாகோயில் சாமியார். பூசை முடிந்ததும் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து மூடுகிற கை அது. பதினாறு வருடம் தினமும் அதைச் செய்த கைக்கு, கிண்ணத்துக்கும் பெயிண்ட் டப்பாவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கை செய்த தப்பு அது, பாவம், அவர் என்ன செய்வார்?

புதிய அரசு வந்த ஆறாம் மாதம் கோயில்களைப் பூட்டினார்கள். பெரிய கோயில் தானியக் கிடங்காயிற்று. சின்னக் கோயிலில் டயர் அடுக்கினார்கள். சாமியார்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். இனிமேல் பூசை வைக்கமாட்டேன், நன்மை அப்பம் கொடுக்கமாட்டேன், பாவசங்கீர்த்தனம் கேட்கமாட்டேன் என்று மூன்றே வரி. கீழே கையெழுத்து. போட்டவர்களுக்கு அரசு ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. போடாதவர்களில் பாதிப் பேர் போன இடம் தெரியவில்லை. மீதிப் பேர் போன இடம் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை.

புதுசு கையெழுத்துப் போடவில்லை. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மேஸ்திரியம்மாவின் பெயிண்ட் கொட்டகை வாசலில் வந்து நின்றார். அனுப்பி வைத்தது அவளுடைய நாத்தனார். நாத்தனார் கன்னியாஸ்திரி மடத்தில் இருந்தவள். மடத்தை மூடிய பிறகு ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் வேலை பார்க்கிறாள்.

"எனக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரியாதுங்க" என்றார் வந்தவர், பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு.

"பூசை வைக்கத் தெரியும், அது போதும்னு என் நாத்தனார் நெனச்சுட்டா. நான் அப்படி நெனைக்கல. காலைல ஆறு மணிக்கு வந்துருங்க. அந்தச் சட்டையைப் போட்டுட்டு வராதீங்க, ரொம்ப சுத்தமா இருக்கு."

மேஸ்திரியம்மா ஒன்றும் பக்தி மிகுந்தவள் அல்ல. புருஷன் சாரத்திலிருந்து விழுந்து செத்த பிறகு ஏணியும் வாளியும் நாலு ஆட்களும் அவளுக்கு மிஞ்சினார்கள். பொம்பளை சொல்லி வேலை செய்வதா என்று மூன்று பேர் போய்விட, நெட்டை மட்டும் நின்றான். அன்றிலிருந்து அவளே மேஸ்திரி. பாவசங்கீர்த்தனம் பண்ணியது கல்யாணத்துக்கு முதல் நாள். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடம் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. "ஞாயித்துக்கிழமைதான் வீட்டுக்காரங்க வீட்ல இருப்பாங்க. அப்பதானே என்ன கலர்னு கேக்க முடியும்?" என்பாள். பிறகு ஏன் இந்த ஆளைச் சேர்த்துக்கொண்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. நாத்தனார் பேச்சைத் தட்டினால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள் என்பது ஒரு காரணம்.

புதுசின் அப்பா பஸ் டிரைவர். அம்மா ஆஸ்பத்திரித் துணிகளுக்கு இஸ்திரி போட்டவள். படிப்பில் சுமார், பாட்டில் அதைவிடச் சுமார். சாமியாருக்குப் படித்த குருமடத்தில் பாட்டு வாத்தியார் இவரைப் பார்த்து, "நீ வாயை மட்டும் அசை, அதுவே தேவனுக்குப் பெரிய உபகாரம்" என்றாராம். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். முந்நூறு குடும்பம் உள்ள ஒரு சின்னப் பங்குக் கோயிலில் இருந்தார். பிரசங்கம் பத்து நிமிடத்துக்கு மேல் போகாது. மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் உண்டு. மொத்தத்தில், வீரன் என்று யாரும் சுட்டிக் காட்டுகிற ஆள் இல்லை. முக்கியமான விஷயம் ஒன்று: உயரம் என்றால் அவருக்குப் பயம். ஏணியில் மூன்றாவது படி தாண்டினால் கால் கிடுகிடுவென்று ஆடும். ஏணியும் சேர்ந்து ஆடும்.

"அந்த ஏணி ஆடுறதப் பாத்தா பூகம்பம் வந்த மாதிரி இருக்கு. இறங்குடா எருமை! கீழ இருந்து உப்புத்தாள் போடு!" என்பாள் மேஸ்திரியம்மா, தெருவே கேட்க.

பகலெல்லாம் இப்படி ஏசிவிட்டு, சாயங்காலம் கொட்டகையில் நெட்டை போன பிறகு, "சாமி, மன்னிச்சுக்கங்க. நாலு பேர் பாக்கறாங்க, ஏசாம இருந்தா சந்தேகம் வரும்" என்று கையைப் பிசைவாள். முதல் மாதம் தினமும் மன்னிப்புக் கேட்டாள். இரண்டாம் மாதம் வாரத்துக்கு ஒரு தடவை. அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள். ஏனென்றால் அதற்குள் அவளுக்கு நிஜமாகவே கோபம் வர ஆரம்பித்திருந்தது. மனிதர் பிரைமர் அடிக்காமல் நேராகப் பெயிண்டைப் பூசினால் யாருக்குத்தான் கோபம் வராது?

"அக்கா, நீங்க ஏசுறது நல்லா இருக்கு. பதினாறு வருஷமா என்னை யாரும் ஏசினதே இல்ல" என்றார் ஒருநாள்.

"அதான் இப்படி வளந்திருக்கீங்க" என்றாள் அவள்.

பெயிண்டருக்கு ஒரு வசதி உண்டு. எந்த வீட்டுக்குள்ளும் எந்த அறைக்குள்ளும் வாளியோடு போகலாம், கதவைச் சாத்திக்கொள்ளலாம், ஏன் சாத்தினாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இதை வைத்து ஒரு பாஷையே உண்டாயிற்று. வீட்டுக்காரர்கள் கொட்டகைக்கு வந்து, "ஒரு கோட்டு அடிக்கணும்" என்றால் பூசை. "ஓட்டைக்குப் பட்டி பாக்கணும்" என்றால் பாவசங்கீர்த்தனம். "ரெண்டு கோட்டு" என்றால் கல்யாணம். "முழு வேலை" என்று சொன்னால் அந்த வீட்டில் யாரோ சாகக் கிடக்கிறார்கள். பெயருக்குப் பூசிவிட்டு வருகிற பழக்கம் மேஸ்திரியம்மாவிடம் கிடையாது. சுவரில் நிஜமாகவே வேலை நடக்கும். அதனால் ஊரில் சில வீடுகள் தகதகவென்று மின்ன ஆரம்பித்தன. ஒரு வாத்தியார் வீட்டுச் சமையலறைக்கு ஒரே வருடத்தில் ஏழு தடவை பெயிண்ட் அடித்தாயிற்று. "அந்த வாத்தியார் பொண்டாட்டிக்கு சுவர்ப் பைத்தியம்" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

பூசை நடக்கும்போது மேஸ்திரியம்மா உள்ளே போகமாட்டாள். தெருவில் வாளியோடு நின்று காவல் காப்பாள். நெட்டையை அந்த நேரம் ஏதாவது சாமான் வாங்கக் கடைக்கு விரட்டிவிடுவாள். போலீஸ் தலை தெரிந்தால் பிரஷ் கட்டையால் வாளியை மூன்று தட்டு தட்ட வேண்டும். மூன்று தட்டு விழுந்தால் அவர் அப்படியே போட்டது போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும். பேச்சுக் கிடையாது, நடை மட்டும்தான். இது அவள் போட்ட சட்டம்.

வந்த புதிதில் ஒருநாள், பூசை முடித்து வந்தவர் சுவரருகே நின்று பிரஷைப் பிடித்ததைப் பார்த்து அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியோடு நுனி ஒட்டிக்கொண்டிருந்தன. பிரஷ் மற்ற மூன்று விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் தடுமாறிக்கொண்டிருந்தது.

"என்ன அது? விரல்ல பசையா?"

"இல்லக்கா. ஆண்டவரோட உடம்பான நன்மையைத் தொட்ட விரல். தண்ணியில கழுவுற வரைக்கும் பிரிக்கக்கூடாது. வேற எதையும் தொடக்கூடாது. ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் கீழ விழுந்துடும். இன்னிக்கு அவசரத்துல கழுவ மறந்துட்டேன்."

"ஒரு துணுக்குக்கா இந்தப் பாடு?"

"அது துணுக்கு இல்லக்கா."

விஷயத்தை அப்படியே விடுகிற ஆள் அல்ல அவள். "உங்க கை இருக்கே, அதுதான் ஒருநாள் உங்களைக் காட்டிக்குடுக்கும். டப்பாவைத் துடைக்கறது, பூசையில திரும்பற மாதிரி ரெண்டு கையையும் விரிக்கறது, இப்ப இது வேற" என்று திட்டித் தீர்த்தாள். இருமல் மிட்டாய் வந்த ஒரு தகர டப்பியைத் தேடி எடுத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, பிரஷ் பெட்டியின் மூலையில் வைத்தாள். பூசை முடிந்ததும் அவர் இரண்டு விரலையும் அந்த டப்பியின்மேல் பிடித்துக் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டமாட்டார், குடித்துவிடுவார். அதற்குப் பிறகுதான் அவர் பிரஷைத் தொடலாம். வீட்டுக்கு வீடு, அவர் அறையை விட்டு வெளியே வந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "கழுவியாச்சா?"

"ஆச்சுக்கா."

"அப்ப வாங்க."

இரண்டு வருடத்தில் ஒருநாளும் அவள் அதைக் கேட்கத் தவறியதில்லை. நெட்டை பக்கத்தில் இருந்தால், "டேய், பிரஷைக் கழுவியாச்சா?" என்று மாற்றிக் கேட்பாள்.

பயமில்லாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் அவருக்கு வியர்த்துவிடும். ஒரு சாயங்காலம் கொட்டகையில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தபோது, "கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாமே சாமி? மனசுக்குள்ள கும்பிட்டுக்கலாமே?" என்று மேஸ்திரியம்மா கேட்டேவிட்டாள்.

அவர் பிரஷை உதறினார். "தினமும் நெனைப்பேன்க்கா. பேனா கூட வாங்கி வெச்சிருக்கேன். ஆனா சாகப்போற ஆளு 'முழு வேலை'ன்னு சொல்லி அனுப்பறாரு. அவருகிட்ட போய், நான் கையெழுத்துப் போட்டுட்டேன், நீங்க மனசுக்குள்ள பாத்துக்கங்கன்னு எப்படிச் சொல்றது? எனக்கு அந்த மூஞ்சி இல்ல" என்றார். பிறகு, "உங்களுக்குப் பட்டி பாக்க வேணாமா?" என்று பேச்சை மாற்றினார்.

"எனக்கு இருபத்திரண்டு வருஷத்து ஓட்டை. உங்க பட்டி பத்தாது" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் ஆபீசர் வீட்டு வேலை வந்தது. கையெழுத்துப் போடாத சாமியார்களைத் தேடிப் பிடிக்கிற பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஆபீசரின் பெண்டாட்டி கொட்டகைக்கே வந்து, ஊரிலிருந்து தன் அம்மா வருகிறாள், நடைக்கூடம் முழுவதையும் ஒரே நாளில் முடித்துத் தரவேண்டும், காலை எட்டு மணிக்கு டாணென்று வந்து நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

"நீங்க வரவேணாம். காய்ச்சல்னு படுத்துக்கங்க" என்றாள் மேஸ்திரியம்மா.

"ஒரே நாள் வேலை, ரெண்டு பேரால முடியாது. நேத்து வரைக்கும் நல்லா இருந்தவனுக்கு ஆபீசர் வீடுன்னதும் காய்ச்சலான்னு நெட்டை கேப்பான். என்ன பதில் சொல்வீங்க? அவனுக்குத் தெரியாம இருக்கறதுதான் அவனுக்கு நல்லது. நான் வர்றேன். அன்னிக்கு பூசை எதுவும் வெச்சுக்க மாட்டேன், கை சுத்தமா இருக்கும்."

சொன்னது சரிதான். ஆனால் அன்று காலை ஆறரை மணிக்கு, ஓய்வு பெற்ற ஒரு தபால்காரரின் மகள் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். "மேஸ்திரியம்மா, முழு வேலை. இப்பவே வரணும், மத்தியானம் வரைக்கும் தாங்காது."

வீடு போகிற வழியில்தான். மாடியில் ஒற்றை அறை. நெட்டையை ஏணியோடு தெருமுனைக்குப் போகச் சொல்லிவிட்டு, மேஸ்திரியம்மா படிக்கட்டுக்குக் கீழே நின்றாள். ஏழே கால். ஏழரை. மேலே முனகல் சத்தமும் புதுசின் தாழ்ந்த குரலும் மாறி மாறிக் கேட்டன. ஏழே முக்கால். ஆபீசர் வீட்டுக்கு இங்கிருந்து பத்து நிமிட நடை. தாமதமாகப் போனால் எங்கே போயிருந்தாய் என்பார்கள். எங்கே போயிருந்தேன் என்று சொல்வது? அவள் படியையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் இயல்பிலேயே ஓர் அவசரக் குடுக்கை. பிரஷ் கட்டையை எடுத்து வாளியை மூன்று தட்டு தட்டிவிட்டாள்.

மேலே, தபால்காரரால் விழுங்க முடியவில்லை. அப்பத்தை நகத்தளவு பிட்டு, தண்ணீரில் நனைத்து, அவர் நாக்கில் வைத்து, வாயை மூடப் பொறுமையாகக் காத்திருந்து, அப்போதுதான் டப்பியைத் திறக்கப் போனார் புதுசு. மூன்று தட்டு கேட்டது. டப்பியை மூடிப் பெட்டியில் போட்டுக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. மேஸ்திரியம்மா விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். மூன்று தட்டுக்குப் பிறகு பேச்சுக் கிடையாது என்பதால் அவரும் கேட்கவில்லை. தெருமுனையில் நெட்டை சேர்ந்துகொண்டான். கேட்க வேண்டிய கேள்வியை அன்று அவள் கேட்கவில்லை.

ஆபீசர் பெண்டாட்டி வாசலிலேயே நின்றிருந்தாள். நேரே நடைக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பின்பக்கம் குழாய் இருந்தது. ஆனால் அதில் கழுவினால் தண்ணீர் சாக்கடைக்குப் போகும். அதை மட்டும் அவர் செய்யமாட்டார். டப்பியை எடுத்து எல்லார் எதிரிலும் திறக்கவும் முடியாது. நடைக்கூடத்தின் அந்தக் கோடியில் நாற்காலி போட்டு ஆபீசர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். புதுசு ஒரு பிரஷை எடுத்துச் சுவரைப் பார்க்க நின்று, மூன்று விரலால் பிடித்து அடிக்க ஆரம்பித்தார்.

மேஸ்திரியம்மா அந்தக் கையைப் பார்த்தபோது அவள் ஏணியின் உச்சியில் இருந்தாள். விழாமல் இருந்தது ஆச்சரியம்.

பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது.

"ஏம்ப்பா, பிரஷை ஏன் அப்படிப் புடிக்கிறே?"

"அவனுக்கு விரல்ல அடி சார்! ஏணியில மாட்டிக்கிச்சு!" என்று மேஸ்திரியம்மா முந்திக்கொண்டாள். சடசடவென்று இறங்கி வந்து, "போடா, போய் ஜன்னலைச் சுரண்டு, இங்க நெட்டை பாத்துப்பான்" என்று அவரைத் தள்ளினாள்.

"இரும்மா." ஆபீசர் எழுந்து வந்தார். நல்ல உயரம், சவரம் செய்த முகம், அமைதியான குரல். "எந்த விரல்ல அடி? ரெண்டையும் பிரிச்சுக் காட்டு."

அவ்வளவுதான் கேட்டார். இரண்டு விரலைப் பிரித்தால் போதும். ஒரு நொடி வேலை. துணுக்கு ஒன்று இருந்தால் அது கண்ணுக்குக்கூடத் தெரியாது, விரித்துப் போட்டிருந்த பழைய துணியில் எங்கேயோ விழும். புதுசு மேஸ்திரியம்மாவைப் பார்த்தார். பிரி, பிரித்துத் தொலை, உன் காலில் விழுகிறேன் என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். அவருடைய முட்டி, ஏணியின் மூன்றாவது படியில் ஆடுவது போல, கீழே தரையிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் தண்ணி வேணும் சார்" என்றார்.

ஆபீசர் யாரையும் கூப்பிடாமல் தானே உள்ளே போனார். திரும்பி வந்தபோது வலது கையில் ஒரு டம்ளர் தண்ணீர், இடது கையில் ஒரு கிண்ணம், இடது முழங்கையின்மேல் ஒரு வெள்ளைத் துண்டு. துண்டு கொண்டுவா என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. கிண்ணத்தை விரலுக்குக் கீழே பிடித்து, நூல் மாதிரி மெல்லிசாகத் தண்ணீர் ஊற்றினார். எவ்வளவு ஊற்ற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. புதுசு இரண்டு விரலையும் தேய்த்துக் கழுவினார், கிண்ணத்தை வாங்கி அந்தத் தண்ணீரைக் குடித்தார், துண்டில் கையைத் துடைத்தார். பிறகு விரல்களை நன்றாக விரித்துக் காட்டினார்.

"அடி எதுவும் இல்ல சார்."

"எந்தப் பங்கு?" என்று ஆபீசர் கேட்டார்.

புதுசு சொன்னார்.

"எட்டு வருஷம் நான் பூசைக்கு உதவி செஞ்சிருக்கேன்." ஆபீசர் டம்ளரைக் கீழே வைத்தார். இதுவரை 'நீ' என்றிருந்தவர் தனக்கே தெரியாமல் மாறிவிட்டார். "ஒரே ஒரு கையெழுத்துங்க. தாள் இங்கயே இருக்கு. போட்டுட்டு இந்தச் சுவரை முடிச்சுட்டு வீட்டுக்குப் போங்க. நான் எதையும் பாக்கல."

"ஒரு துணுக்குக்காக ரெண்டு விரலைப் பிரிக்க முடியலையே சார். அந்தக் கையால கையெழுத்து எப்படிப் போடுவேன்?"

ஆபீசர் டெலிபோனிடம் போனார். பேசி முடிக்கிற வரையில் அந்தத் துண்டு அவர் முழங்கையிலேயே கிடந்தது.

வண்டி வந்தது. "இந்த அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. வேலை கேட்டேன், குடுத்தாங்க. வேலையும் ஒழுங்கா செய்யலன்னு தெனமும் ஏசுவாங்க" என்றார் புதுசு. நெட்டையும், "தெருவுக்கே தெரியும் சார் இவங்க ஏசறது" என்று தலையைச் சொறிந்தான். ஆபீசர் கையை ஆட்டினார், விட்டுவிடச் சொல்லி.

கையைக் கட்டி அழைத்துப் போகும்போது மேஸ்திரியம்மா வாசல் வரை ஓடினாள். யார் இருக்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று பார்க்கவில்லை. "காலைல வாளியத் தட்டினது யாரும் வந்து இல்ல! ஒருத்தரும் வரல! நேரமாச்சேன்னு தட்டிட்டேன்! கழுவியாச்சான்னும் கேக்கல! நான்தான்... என்னாலதான்..." அழுகையில் வார்த்தை சிக்கியது. காவலர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஏதோ பெயிண்ட் வேலைச் சமாச்சாரம் என்று நினைத்தார்கள்.

அவர் நின்று திரும்பினார். கட்டிய கையை வயிற்றுக்கு மேல் உயர்த்த முடியவில்லை. அந்த உயரத்திலேயே, விரலை விரித்து, காற்றில் மேலும் கீழுமாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு போட்டார். "இருபத்திரண்டு வருஷம் ஆச்சு இல்ல? பட்டி பாத்தாச்சுக்கா. சமாதானமா போங்க."

உள்ளேயிருந்து ஆபீசரின் பெண்டாட்டி கேட்டாள், இந்தச் சுவரை யார் முடிப்பது என்று. மேஸ்திரியம்மாவும் நெட்டையும்தான் முடித்தார்கள்.

முப்பத்தாறாம் நாள் நகராட்சிப் பலகையில் தண்டனை முடிந்தவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். ஏழாவது வரியில் அவருடைய பெயர் இருந்தது. நாலு நாள் கழித்துச் சிறையிலிருந்து ஆள் வந்து, பின்பக்க முற்றத்துச் சுவருக்கு வேலை இருக்கிறது, பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார், உடனே வேண்டும் என்றான். ஊரில் வேறு பெயிண்டரே இல்லையா என்று கேட்க மேஸ்திரியம்மாவுக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள். வேறு யாரோ வந்து அந்தச் சுவரைத் தொடுவதை அவளால் தாங்க முடியாது.

சுவரில் நெஞ்சு உயரத்தில் ஐந்து குழிகள். கீழே தண்ணீர் ஊற்றித் தேய்த்திருந்தார்கள். ஆளைக் கொல்லத் தெரிந்தவர்களுக்குச் சுவரைக் கழுவத் தெரியவில்லை. நெட்டை பட்டியைக் குழைத்துக் கொடுத்தான். பட்டி வைப்பதற்கு முன் குழிக்குள் இருக்கும் உதிரியை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டி நிற்காது. அவள் ஒவ்வொரு குழிக்குள்ளும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விட்டு உதிரியை எடுத்தாள். கடைசிக் குழியிலிருந்து விரலை எடுத்தபோது நுனியில் காய்ந்த பழுப்பு நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலையும் நுனியோடு நுனி சேர்த்துக்கொண்டாள்.

பட்டியை இடது கையால் வைத்தாள். பெயிண்டை வலது கையின் மூன்று விரலால் அடித்தாள். இரண்டு வருடம் ஏசி ஏசித் திருத்தப் பார்த்த அதே பிடிப்பு. பிரஷ் தடுமாறியது, கோடு வளைந்தது, மேலே மேலே அடித்துச் சரிசெய்தாள். நெட்டை தன் பாதிச் சுவரை முடித்துவிட்டு, காவலாளியிடம் போய் ஏதோ பேசிவிட்டு வந்தான்.

இரண்டு கோட்டு அடித்து முடித்தார்கள். மேஸ்திரியம்மா இடது கையால் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"மேஸ்திரியம்மா" என்றான் நெட்டை. "கழுவியாச்சா?"

அவள் திரும்பினாள். அவன் ஒரு கையில் டம்ளர் தண்ணீரும், மறு கையில் பிரஷ் பெட்டியிலிருந்து எடுத்த இருமல் மிட்டாய் டப்பியுமாக நின்றிருந்தான்.

"உனக்கு எப்படா தெரியும்?"

"மொத நாளே தெரியும். டப்பாவத் தொடச்சாரே."

காய்ச்சலான்னு இவன் கேட்பான் என்றுதான் அவர் அன்றைக்கு ஆபீசர் வீட்டுக்கு வந்தார். மேஸ்திரியம்மா வாளியைக் கீழே வைத்தாள். நெட்டை டப்பியை அவள் விரலுக்குக் கீழே பிடித்துத் தண்ணீரை மெல்ல ஊற்றினான். அவள் இரண்டு விரலையும் தேய்த்துக் கழுவினாள். பிறகு டப்பியை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.